விதி முந்தியது, காரணம் பிந்தியது: மார்மன் சபையின் 126 ஆண்டுத் தடை

எல்லாச் சமயங்களிலும் விதிகள் உண்டு. யார் உள்ளே போகலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும். யார் மந்திரம் சொல்லலாம், யார் காதால் கேட்டால் போதும் என்றெல்லாம் இருக்கிறது. இதெல்லாம் எப்போது வந்தது என்று பெரியவர்களைக் கேட்டால், "ஆதியிலிருந்தே அப்படித்தான்" என்று பதில் வரும். நம் நாட்டில் இதை ஆராய்வது ரொம்பக் கஷ்டம். கல்வெட்டு பாதி சிதைந்திருக்கும், ஏடு பாதி செல்லரித்திருக்கும்.

ஆனால் தோன்றி இன்னும் 200 ஆண்டுகள் நிறையாத ஒரு சமயம் உலகத்தில் இருக்கிறது. அதன் தலைவர்கள் பேசியதையெல்லாம் கூடவே உட்கார்ந்து எழுதி வைத்தார்கள். அதனால் அங்கே ஒரு விதி எந்த மாதம் பிறந்தது, எந்த நாளில் முடிந்தது என்று தேதி போட்டுச் சொல்ல முடிகிறது. அமெரிக்காவின் மார்மன் சபையைத்தான் சொல்கிறேன். தொழிலால் நான் பாத்திர வியாபாரி. கல்லாவில் உட்கார்ந்தபடி படித்ததுதான் என் படிப்பு. கணக்குப் புத்தகம் பார்க்கிற பழக்கம் உள்ளவனுக்கு இந்த வரலாறு தனி ருசி. அன்றன்றைய சிட்டையில் ஒன்று எழுதியிருக்க, பிற்பாடு பேரேட்டில் வேறொன்று ஏறிய கதை இது.

யார் இவர்கள்?

பெங்களூர் போன்ற நகரங்களில் வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டையுடன் இரண்டு இரண்டு பேராக நடந்துபோகும் இளைஞர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர்கள் இந்தச் சபையின் ஊழியர்கள். பெங்களூரில் ஓர் ஆலயம் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் சபை அறிவித்தது. 2020 டிசம்பரில் அதற்குப் பூமி பூஜை மாதிரியான சடங்கும் நடந்தது. ஆகவே இது எங்கேயோ கடல் கடந்த சமாசாரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் தொடங்கினார். அவர் வெளியிட்ட மார்மன் நூலின் பெயரே ஊர்வாயில் சபைக்கும் பெயராகிவிட்டது. கறுப்பர், வெள்ளையர் என்ற பேதம் ஆண்டவனுக்கு இல்லை என்ற கருத்து அந்த நூலில் உண்டு. சாபத்தால் ஒரு கூட்டத்தாரின் தோல் கறுத்தது என்ற கதையும் அதே நூலில் உண்டு. இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

இவர்களிடம் சம்பளம் வாங்கும் குருக்கள் வகுப்பு என்று ஒன்று ஊர்ச் சபைகளில் கிடையாது. சபையில் உள்ள தகுதியான ஆண்கள் எல்லோருக்குமே சிறுவயது முதல் படிப்படியாக 'ஆசாரியத்துவம்' என்ற அதிகாரம் கொடுக்கப்படும். அது இருந்தால்தான் ஞானஸ்நானம் கொடுக்கலாம், சபையை நடத்தலாம், பிறந்த குழந்தைக்குப் பெயரிட்டு ஆசி கூறலாம். கணவனும் மனைவியும் சாவுக்குப் பின்னும் பிரியாமல் இருக்க ஆலயத்தில் நடக்கும் திருமணச் சடங்குக்கும் அது வேண்டும். ஆகவே "ஆசாரியத்துவம் கிடையாது" என்றால் பூசாரி வேலை கிடையாது என்று மட்டும் அர்த்தமில்லை. தன் சொந்தக் குழந்தைக்கு ஆசி சொல்லக்கூடத் தகப்பனுக்கு உரிமை இல்லை என்று அர்த்தம். ஆப்பிரிக்க வம்சத்து ஆண்களுக்கு அதை மறுத்ததோடு, பெண்களுக்கும் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகள் மறுக்கப்பட்டன.

சிட்டையில் இருந்தது என்ன?

ஆரம்பத்தில் அப்படி இல்லை என்பதுதான் விசேஷம். எலைஜா ஏபிள் என்ற கறுப்பர், தச்சு வேலை செய்பவர், 1836-ல் மூப்பராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் 'எழுபதின்மர்' என்ற ஊழியக் குழுவிலும் சேர்க்கப்பட்டார். அவர் கையில் சான்றிதழ் இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த வாக்கர் லூயிஸ் இன்னொருவர். அவரும் மூப்பர்தான்.

1844 ஜூனில் ஜோசப் ஸ்மித் சிறைக்குள் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட அவர், அரசு நிலங்களை விற்று அடிமைகளின் சொந்தக்காரர்களுக்கு ஈடு கொடுத்து, 1850-க்குள் அடிமைகளை விடுவிக்கலாம் என்று திட்டம் சொன்னவர். அவருக்குப் பின் சபையை நடத்தியவர் பிரிகாம் யங். நம் கட்டுரையின் நடுநாயகம் அவர்தான்.

யங் சாமானியர் அல்ல. அடித்து விரட்டப்பட்ட ஜனங்களைக் கட்டிக்காத்து, பாலைவனமும் மலையும் தாண்டி யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய், வாய்க்கால் வெட்டி ஊர்களை உண்டாக்கியவர். 1847 ஜூலையில் அங்கே முதலில் போய்ச் சேர்ந்த கூட்டத்தில் மூன்று கறுப்பு அடிமைகளும் இருந்தார்கள். அவர்களில் கிரீன் ஃபிளேக் என்பவர் பெயர் இன்றும் நினைக்கப்படுகிறது.

அதே 1847 மார்ச்சில், பயண வழியில் நடந்த ஒரு கூட்டத்தில் யங் பேசியது பதிவாகியிருக்கிறது. ஆண்டவன் எல்லா மனிதரையும் ஒரே இரத்தத்தால் படைத்தான் என்கிறார். லோவலில் இருக்கும் ஆப்பிரிக்கரான முடிதிருத்துநர் நம்முடைய மிகச் சிறந்த மூப்பர்களில் ஒருவர் என்றும் பாராட்டுகிறார். இது சிட்டையில் உள்ள பதிவு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டுக்குள் மாற்றம்

1852 பிப்ரவரி. யூட்டா இப்போது அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. யங் அதன் ஆளுநர், கூடவே சபையின் தீர்க்கதரிசி. தென் மாநிலங்களிலிருந்து மதம் மாறி வந்தவர்கள் சிலர் தங்கள் அடிமைகளையும் அழைத்து வந்திருந்தார்கள். அந்த அடிமைகளின் நிலை என்ன என்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. அடிமை முறையை யூட்டாவில் செல்லுபடியாக்கும் சட்டம் பிப்ரவரி 4 அன்று நிறைவேறியது. அதற்கு மறுநாள் சட்டமன்றத்தில் யங் நீண்ட சொற்பொழிவு ஆற்றினார். ஆப்பிரிக்க இரத்தம் உள்ளவர்கள், தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம். ஆகவே அவர்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்றார். இதற்கு முன் எந்தத் தீர்க்கதரிசியும் இதைச் சொல்லியிராவிட்டாலும் தாம் சொல்வதாக அவரே அந்தப் பேச்சில் கூறினார். ஆண்டவன் தனக்கு இப்படி வெளிப்படுத்தினான் என்று எந்தத் திருவாக்கையும் அவர் எடுத்து வைக்கவில்லை. சபையின் வெளிப்பாடுகளைத் தொகுத்த நூலிலும் அப்படி ஒன்று ஏறவில்லை.

எல்லோரும் தலையாட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். பன்னிரு அப்போஸ்தலரில் ஒருவரான ஆர்சன் பிராட் அந்த அடிமைச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். 1860 மக்கள்தொகைக் கணக்குப்படி யூட்டா முழுவதும் கறுப்பர் 59 பேர்; அவர்களில் அடிமைகள் 29 பேர். இத்தனை சிறிய கூட்டத்துக்காக எழுந்த பேச்சு, கடைசியில் உலகம் முழுவதுக்குமான விதியாகிவிட்டது. அடிமைச் சட்டம் 1862-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உத்தரவால் போயிற்று. சபை விதி போகவில்லை.

ஐந்து ஆண்டுக்குள் ஒரு மனிதர் ஏன் மாறினார்? பதிவுகளைப் பார்த்தால் இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது. ஒன்று, கலப்பு மணம். வாக்கர் லூயிஸின் மகன் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டியிருக்கிறான் என்ற செய்தி 1847 டிசம்பரில் யங் காதுக்கு வந்தது. அவர் கடுங்கோபமாகப் பேசினார். இரண்டாவது, அக்கம்பக்கத்தாரின் பகை. 1833-ல் மிசௌரியில் மார்மன்களின் அச்சகத்தைக் கும்பல் உடைத்ததற்கு ஒரு காரணம், சுதந்திரக் கறுப்பர்களை இவர்கள் உள்ளே அழைக்கிறார்கள் என்ற புகார். அன்றைய அமெரிக்காவில் வெள்ளையர் என்ற பெயரே ஒரு சொத்து. அந்தச் சொத்து தங்கள் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம், விரட்டப்பட்ட ஜனங்களுக்கு இருந்தது இயற்கைதான். இயற்கை என்பதால் அது நியாயம் ஆகிவிடாது.

பேரேடு திருத்தப்பட்டது

யங் 1877-ல் காலமானார். அடுத்து வந்த ஜான் டெய்லர், கறுப்பருக்கு ஆசாரியத்துவம் உண்டா இல்லையா என்று 1879-ல் விசாரித்தார். பழைய ஆட்கள் இரண்டு பேர், ஜோசப் ஸ்மித்தே கூடாது என்று சொன்னார் என ஞாபகத்திலிருந்து சாட்சி சொன்னார்கள். அப்போது ஸ்தாபகருக்கு மகன் முறையான ஜோசப் எஃப். ஸ்மித், அதாவது அண்ணன் ஹைரமின் மகன், ஏபிளிடம் சான்றிதழ்கள் இருக்கின்றன என்று எடுத்துச் சொன்னார். ஏபிளின் பதவி பிடுங்கப்படவில்லை. ஆனால் ஆலயச் சடங்குக்கான அவர் வேண்டுகோள் மட்டும் நிராகரிக்கப்பட்டது. 70 வயதைத் தாண்டிய பிறகும் ஊழியத்துக்குப் புறப்பட்டுப் போய், திரும்பி வந்து 1884 டிசம்பரில் இறந்தார்.

1908-ல் என்ன நடந்தது பாருங்கள். அதே ஜோசப் எஃப். ஸ்மித் இப்போது சபைத் தலைவர். ஏபிளின் நியமனம் செல்லாது என்று ஸ்தாபகரே அறிவித்துவிட்டார் என்று அவர் இப்போது சொன்னார். சான்றிதழைக் கண்ணால் பார்த்தவர் வாயிலிருந்தே இந்த மாற்றம் வந்தது. கணக்கில் சில்லறை உதைத்தால், சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைத் திருத்துவதுதான் முறை. இங்கே பேரேட்டுக்கு ஏற்றாற்போலச் சிட்டையை மாற்றினார்கள்.

அதே 1908-ல் ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பு மூதாட்டி இறந்தார். மதம் மாறிய பின், 1843-ல் தன் குடும்பத்தோடு ஏறக்குறைய 800 மைல் நடந்தே சபை மக்களிடம் வந்து சேர்ந்தவர். ஆலயச் சடங்கு வேண்டும் என்று பல ஆண்டுகள் தலைவர்களுக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். 1894-ல் அவருக்குக் கிடைத்தது, ஜோசப் ஸ்மித் குடும்பத்துக்கு நித்தியத்துக்கும் 'பணியாள்' என்று இணைக்கும் ஒரு சடங்கு. அதுவும் அவருக்குப் பதில் வேறொருவரை நிறுத்தி நடத்தியது. அவர் திருப்தி அடையவில்லை. மறுபடி மனுப் போட்டார்.

காரணங்கள் வந்த வரிசை

விதி நிலைத்துவிட்டது. இனி அதற்குக் காரணம் வேண்டுமே! யங் சொன்ன காரணம் காயீனின் சாபம். பிற்பாடு இன்னொரு காரணம் முளைத்தது. மனித ஆன்மாக்கள் பூமிக்கு வருமுன் பரலோகத்தில் ஆண்டவனோடு இருந்தன என்பது மார்மன் நம்பிக்கை. அங்கே ஒரு போர் நடந்தது. அதில் ஆண்டவன் பக்கம் மனப்பூர்வமாக நிற்காதவர்கள்தான் கறுப்பராகப் பிறக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் போரில் நடுநிலை வகித்த ஆன்மா எதுவும் இல்லை என்று யங்கே 1869-ல் சொல்லியிருக்கிறார். விதியைப் போட்டவர் மறுத்த காரணத்தையே பின்னால் வந்தவர்கள் அந்த விதிக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

1949-ல் சபையின் தலைமை ஓர் அறிக்கை விட்டது. இது வெறும் நடைமுறை இல்லை, ஆண்டவனின் நேரடிக் கட்டளை. பிறப்புக்கு முந்திய நடத்தையும் இதற்குக் காரணம் என்றது. 1969 டிசம்பரில் இன்னோர் அறிக்கை. காரணம் ஆண்டவனுக்குத் தெரியும், மனிதருக்கு முழுசாக அறிவிக்கப்படவில்லை என்றது. இருபதே ஆண்டில் காரணம் காணாமல் போயிற்று. விதி மட்டும் நின்றது.

இந்த இடத்தில் ஒரு சமணனாக நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. முற்பிறப்பு வினை என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. எங்கள் சாத்திரத்தில் எண்வினைகளில் கோத்திர வினையும் ஒன்று. உயர்குலப் பிறப்பும் இழிகுலப் பிறப்பும் அதனால் என்பார்கள். 9-ம் நூற்றாண்டின் ஆதிபுராணம், நான்காம் வருணத்தாருக்குத் துறவுத் தீட்சை இல்லை என்று வரம்பு கட்டியது. அதற்கு முந்திய ரத்தினகரண்டகமோ, நற்காட்சி உடையவன் கடைக்குலத்தில் பிறந்தாலும் தெய்வத்துக்குச் சமம் என்கிறது. அதை ஒட்டித் தமிழில் வந்த அருங்கலச்செப்பும் அப்படியே சொல்கிறது. இரண்டும் ஒரே சமயத்தின் அலமாரியில்தான் இருக்கின்றன. எதை எடுத்துப் படிக்கிறோம் என்பதுதான் கேள்வி. வினைக் கொள்கை என்பது என் கணக்கை நான் சரிபார்ப்பதற்கு. அடுத்தவன் வாசலில் நிற்பதற்கு அவனுடைய பழைய வினையைக் காரணம் காட்டினால், அது நம் கதவை நாம் சாத்திக்கொண்டதற்குச் சொல்லும் சமாதானம்தான்.

கதவு திறந்த விதம்

மற்றவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 1950-களின் கடைசியிலிருந்தே நைஜீரியாவிலிருந்து சபைக்குக் கடிதங்கள் போயின. சபையின் புத்தகங்களைப் படித்துவிட்டு, ஆள் வராமலேயே தாங்களாகக் கூடி வழிபட்டவர்கள் எழுதியவை. அமெரிக்காவில் 1969-ல் வயோமிங் பல்கலைக்கழகத்தின் 14 கறுப்பு வீரர்கள், மார்மன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் கறுப்புப் பட்டை அணிய விரும்பியதற்காக அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1971-ல் சால்ட் லேக் சிட்டியில், சபையை விட்டுப் போகாத கறுப்பு உறுப்பினர்கள் தங்களுக்குள் 'ஜெனிசிஸ்' என்ற குழுவை அமைத்தார்கள்.

1973-ல் லெஸ்டர் புஷ் என்ற மார்மன் மருத்துவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தொழில்முறை வரலாற்றாசிரியர் அல்ல அவர். பழைய ஆவணங்களையெல்லாம் தேடித் தொகுத்து, இந்த விதியை ஜோசப் ஸ்மித் காலம்வரை கொண்டுபோகச் சான்று இல்லை, யங் காலத்தில்தான் அது தெரிகிறது என்று காட்டினார். கோஷம் எதுவும் போடவில்லை. சிட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

அதே 1973 டிசம்பர் இறுதியில் ஸ்பென்சர் கிம்பல் சபைத் தலைவரானார். 1975-ல் பிரேசிலின் சாவ் பாலோவில் ஆலயம் கட்ட அறிவிப்பு வந்தது. அங்கேதான் விதி முட்டுச்சந்துக்கு வந்தது. ஐரோப்பிய, ஆப்பிரிக்க, பூர்வகுடி இரத்தம் நூற்றாண்டுகளாகக் கலந்த நாடு அது. யாருக்கு எந்த இரத்தம் என்று யார் சொல்வது? ஹெல்வெசியோ மார்ட்டின்ஸ் என்ற கறுப்பு அதிகாரி 1972-ல் குடும்பத்தோடு சபையில் சேர்ந்தவர். தாங்கள் உள்ளே நுழைய முடியாத அந்த ஆலயத்துக்காக அவர்கள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். கிம்பல் இதை நேரில் பார்த்தார்.

கிம்பல் யோசித்தது நேற்று இன்றல்ல. அப்போஸ்தலராக இருந்த 1963-லேயே, இந்தத் தடைக்குக் காரணமான பிழை ஏதும் இருந்திருக்கலாம், ஆண்டவன் அதை மன்னித்துத் தடையை நீக்கலாம் என்ற கருத்தில் மகனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தலைவரான பின் பல மாதம் தனியாக ஆலயத்துக்குப் போய் ஜெபித்தார். 1978 ஜூன் 1 அன்று அப்போஸ்தலர்களோடு கூடி ஜெபித்தபோது பதில் கிடைத்தது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். ஜூன் 9 அன்று உலகத்துக்கு அறிவித்தார்கள். தகுதியுள்ள எல்லா ஆண்களுக்கும், நிறம் பார்க்காமல், ஆசாரியத்துவம் உண்டு. அப்போது கிம்பலுக்கு வயது 83. இரண்டு நாளில் ஜோசப் ஃபிரீமன் என்ற கறுப்பர் மூப்பராக நியமிக்கப்பட்டார். அந்த நவம்பரில் நைஜீரியாவில் அந்தோணி ஓபின்னாவும் அவரோடு காத்திருந்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள். மார்ட்டின்ஸ் 1990-ல் சபையின் பொது அதிகாரிகளில் ஒருவரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பர் அவர்.

அறிவிப்பு வந்த ஆகஸ்டில் புரூஸ் மெக்கான்கி என்ற அப்போஸ்தலர் ஒரு பேச்சில், யங் சொன்னதையும் தாம் சொன்னதையும் மறந்துவிடுங்கள் என்ற கருத்தில் வெளிப்படையாகப் பேசினார். கறுப்பர் பிறப்பைப் பற்றிய பழைய காரணங்களைத் தன் புத்தகத்தில் அழுத்தி எழுதியவர் அவர். ஆனால் புத்தகத்தில் ஏறியது லேசில் இறங்குமா? காயீன் கதையைச் சொல்லிக்கொண்டு இருந்தவர்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள். 2013 டிசம்பரில்தான் சபை ஒரு நீண்ட விளக்கம் வெளியிட்டது. ஆரம்ப காலத்தில் கறுப்பர்கள் நியமனம் பெற்றதை அது ஒப்புக்கொண்டது. கறுப்புத் தோல் சாபம் என்பதையும், பிறப்புக்கு முந்திய குற்றம் என்பதையும் கைவிடுவதாக எழுதியது. ஆனால் 126 ஆண்டு நின்ற அந்தத் தடை ஆண்டவன் போட்டதா, மனிதர் போட்டதா என்பதற்கு நேரான ஒரு வார்த்தை அதில் இல்லை.

நமக்கு என்ன?

யங்கைத் தூற்றுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு மனிதர் வாய்க்கால் வெட்டுவதில் தீர்க்கதரிசியாகவும், அடுத்தவனின் பிறப்பைப் பற்றிப் பேசும்போது தன் ஊரும் காலமும் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்பவராகவும் இருக்க முடியும். ஆபத்து எங்கே என்றால், முன்னதற்காக நாம் வைத்திருக்கும் மரியாதையில் பின்னதையும் வேதவாக்காக ஏற்பதில்தான்.

சொந்த ஊரை விட்டு வந்த நாம், வழக்கங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம். அது நல்லதுதான். ஆனால் வீட்டுப் பிள்ளை, "இவங்களை ஏன் உள்ளே கூப்பிடக்கூடாது? ஏன் சேர்ந்து சாப்பிடக்கூடாது?" என்று கேட்கும்போது, தெரியாத காரணத்தை அந்த நிமிஷத்தில் ஜோடித்துச் சொல்ல வேண்டாம். ஒரு தலைமுறை ஜோடித்த காரணத்தை அடுத்த தலைமுறை சாத்திரம் என்று நம்பும். அப்புறம் அதைக் கழற்ற நூறு ஆண்டு ஆகும். அதுவரை எத்தனை ஜேன் மேனிங்குகள் மனுப் போட்டுக்கொண்டே சாக வேண்டும்?

2002-ல் சால்ட் லேக் சிட்டி கல்லறைத் தோட்டத்தில் எலைஜா ஏபிளுக்கும் அவர் மனைவிக்கும் புதிய நினைவுக்கல் வைக்கப்பட்டது. சபையின் அப்போஸ்தலர் ஒருவரே வந்து ஜெபித்து அதை அர்ப்பணித்தார். 1836-ல் கொடுத்த சான்றிதழ் செல்லும் என்று ஊரறியச் சொல்ல 166 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.